கேனரி அடைகாக்கும் அறை

நவம்பர் 17, ஞாயிறு

இது கம்பெனி கொடுத்த டைரி. அட்டையில் நீர்மூழ்கி மோட்டார் படம். வருடத் தொடக்கத்தில் கொடுத்ததை இப்போதுதான் திறக்கிறேன். குடும்ப நீதிமன்றச் சமரச மையத்து மேடம், "மனசுல இருக்கறத எழுதிப் பழகுங்க தண்டபாணி, பாதிச் சண்ட கொறையும்" என்றார். நான் யாரோடும் சண்டை போடுவதில்லை. மனசில் இப்போது இருப்பது பறவைகள்தான், அதையே எழுதுகிறேன்.

இன்று உக்கடம் போய் இம்தியாஸிடம் ஒரு ஜோடி கேனரி வாங்கி வந்தேன். ஆண் நல்ல எலுமிச்சை மஞ்சள். பெட்டைக்கு மஞ்சளோடு சாம்பல் கலந்திருக்கிறது, கண்ணுக்கு மேல் ஒரு கறை வேறு. கறையைப் பார்த்ததும் வேறு காட்டச் சொன்னேன்.

"பாய், இது உங்க பம்பு இல்ல, ரிஜெக்ட் அடிக்கறதுக்கு. நல்லா அட படுக்கும். எடுத்துட்டுப் போங்க" என்றார். இம்தியாஸ் எல்லாரையும் பாய் என்றுதான் கூப்பிடுவார். அவருக்குக் கீழே மொபைல் கடை, மொட்டை மாடியில் பறவைகள். அந்த வாய்க்குத் தனியாக லைசென்ஸ் வாங்க வேண்டும்.

எதற்கு இந்த வேலை என்று நாளைக்கு நானே மறந்துபோகாமல் இருக்க எழுதி வைக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு என் மகள் மிதுனாவை இரண்டு மணி நேரம் வெளியே கூட்டிப்போகலாம் என்று எனக்கு அனுமதி. போன மாதம் ஒரு பறவைக் கடையில் கேனரி முன்னால் நின்றவள் நகரவே இல்லை. "இது வீட்டுல குஞ்சு பொரிக்குமாப்பா?" என்றாள். "பொரிக்கும் கண்ணு. அரையாண்டு லீவுக்கு நீ வர்றப்ப நம்மூட்டுல குஞ்சு இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான்.

லீவுக்கு அவளை அனுப்ப என் மனைவி மேனகா ஒத்துக்கொண்டதே அதிசயம். ஒன்றரை வருடமாக என்னைப் பிரிந்து இருவரும் பொள்ளாச்சியில் மேனகாவின் அண்ணன் வீட்டில் இருக்கிறார்கள். லீவு முடிந்ததும் மேடம் மிதுனாவைத் தனியாக உட்காரவைத்துக் கேட்பார். அப்பா வீடு பிடித்திருக்கிறது என்றால் மாதாமாதம் வந்து தங்குவாள். இல்லையென்றால் பழையபடி பார்க் பெஞ்சுதான். ஒன்பது வயதுக் குழந்தை சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் என் பிழைப்பு நிற்கிறது.

நவம்பர் 18, திங்கள்

ஆண் பாடவில்லை. மதியம் வேலையை விட்டு வந்து பார்த்தேன். அப்போதும் பாடவில்லை.

நவம்பர் 21, வியாழன்

இரண்டுக்கும் நடுவில் கம்பித் தடுப்பு வைத்திருக்கிறேன். எடுத்தவுடனே ஒன்றாக விட்டால் அடித்துக்கொள்ளுமாம். தடுப்பு வழியாக ஆண் இரை ஊட்டி, பெட்டை வாங்கிக்கொண்டால்தான் ஜோடி சேர்ந்தது என்று அர்த்தம். அதுவரை காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பது எனக்கு ஒத்துவராத வேலை. கணபதியில் எங்கள் கம்பெனியில் டெஸ்ட்டுக்காக என் டேபிளுக்கு வரும் ஒவ்வொரு பம்பும் தேறுமா தேறாதா என்று அங்கேயே தெரிந்துவிடும். இங்கே விதையைப் போட்டேன், தண்ணீர் மாற்றினேன், சுண்ணாம்புச் சத்துக்கு அவை கொத்தித் தின்ன நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை ஓடு வாங்கிக் கம்பியில் செருகினேன். அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லை. கேஸை மூடினேனா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்தேன்.

நவம்பர் 24, ஞாயிறு

பாடிவிட்டது! காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது தொடங்கியது. பிரஷ்ஷோடு ஓடினேன். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டது.

கீழ்வீட்டு ரங்கநாயகி அக்கா மாடிப்படியில் நின்று, "ஏனுங் தம்பி, விடிஞ்சதுல இருந்து விசிலடிக்கறது நீங்ளா?" என்று கேட்டார். வீட்டுக்காரர் சம்சாரம். வாடகைக்கு இருப்பவன் விசிலடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இல்லை என்றேன். சிரித்துவிட்டு இட்லிப் பொடி கொடுத்துவிட்டுப் போனார்.

மாலையில் ஆண் ஊட்டியது, பெட்டை வாங்கிக்கொண்டது. தடுப்பை எடுத்துவிட்டேன். கூடு கட்டக் கிண்ணமும் கோணிச் சணலும் வைத்தாயிற்று.

நவம்பர் 28, வியாழன்

முதல் முட்டை. வெளிர் நீலம், அதில் பழுப்புப் புள்ளிகள். கையில் வைத்திருக்கிறேனா இல்லையா என்றே தெரியவில்லை, அவ்வளவு லேசு.

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. கேனரி நாளுக்கு ஒன்றாக முட்டையிடும். அப்படியே விட்டால் முதல் முட்டை முதலில் பொரிந்து, அந்தக் குஞ்சு பெரிதாகி, கடைசிக் குஞ்சை மிதித்துவிடும். அதனால் ஒவ்வொரு முட்டையையும் இட்டவுடன் எடுத்துப் பஞ்சில் வைத்துவிட்டு, கூட்டில் பிளாஸ்டிக் டம்மி முட்டையை வைக்க வேண்டும். கடைசி முட்டை வந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகத் திருப்பி வைத்தால் ஒரே நாளில் பொரியும். பெட்டைக்கு வித்தியாசம் தெரியாதாம்.

எடுத்த முட்டையை ஆபீஸ் வெர்னியர் அளவுகோலால் அளந்தேன். பென்சிலால் மெதுவாக நம்பர் போட்டேன். எல்லாம் இம்மி பிசகாமல் இருக்கட்டும்.

டிசம்பர் 1, ஞாயிறு

நான்கு முட்டைகளும் கூட்டுக்குள். பெட்டை படுத்துவிட்டது. இரண்டு வாரத்தில் பொரிந்துவிடும். மிதுனா வரும்போது குஞ்சுகளுக்கு இறகு முளைக்கத் தொடங்கியிருக்கும். கணக்கு கச்சிதம்.

இம்தியாஸுக்கு போன் செய்தேன். அளந்த விஷயத்தையும் சொன்னேன். 

"பாய், பறவ வளக்கறீங்களா இன்ஸ்பெக்‌ஷன் பண்றீங்களா? இனி அந்தப் பக்கமே போகாதீங்க. தண்ணி வெச்சமா, தீனி வெச்சமா, கதவச் சாத்துனமான்னு இருங்க."

"போகல, போகல."

டிசம்பர் 3, செவ்வாய்

பெட்டை படுத்திருக்கிறதா என்று மட்டும் மதியம் வந்து பார்த்தேன். கதவுச் சத்தத்தில் எழுந்து பறந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பிவிட்டது. திரும்பும்வரை நின்று உறுதி செய்துகொண்டுதான் போனேன்.

டிசம்பர் 5, வியாழன்

டார்ச் வெளிச்சத்தில் முட்டையைக் காட்டினால் உள்ளே சிவப்பு நரம்பு தெரியும். நரம்பு ஓடினால் உயிர் பிடித்திருக்கிறது என்று பொருள். மூன்றில் தெரிந்தது. நான்காவதில் சந்தேகம். நாளைக்கு இன்னொரு தடவை பார்க்க வேண்டும். என் மிதுனா இந்த நரம்பைப் பார்க்க வேண்டுமே என்று இருந்தது.

சந்தோஷத்தில் மேனகாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. பிறகு எடுத்து, "இங்க ஸ்கூல் ஆபீஸ்ல அட்மிஷன் வேலையா இருக்கேன். ஒருக்கா கூப்பிட்டாப் போதும், நானே திருப்பிக் கூப்பிடுவேன்னு எத்தன தடவ சொல்றது?" என்றாள். முட்டை விஷயத்தைச் சொல்லாமலே வைத்துவிட்டேன்.

முன்பு கூப்பிட்டதில் நான்கில் ஒரு பங்குகூட இப்போது கூப்பிடுவதில்லை. அது யார் கண்ணிலும் படுவதில்லை.

டிசம்பர் 7, சனி

பெட்டை கூட்டுக்குப் போகவில்லை. காலையிலிருந்து மேல் குச்சியிலேயே உட்கார்ந்திருக்கிறது. தீனி தின்கிறது, தண்ணீர் குடிக்கிறது, கூட்டின் பக்கம் திரும்பவே இல்லை. முட்டைகளைத் தொட்டால் தரையில் கிடந்த கூழாங்கல்போலச் சில்லென்று இருக்கின்றன.

இம்தியாஸ், "எத்தன தடவ பாத்தீங்க?" என்றார்.

"ஒண்ணு ரெண்டு தடவ."

"பாய்."

"டெய்லி. நல்லதுக்குத்தான பாத்தேன்?"

"அதுக்கு அது தெரியாதே. நம்ம எடத்துல பாம்பு வருதுன்னு நெனச்சு விட்டுட்டுப் போயிருச்சு."

என்னைப் போய்ப் பாம்பு என்கிறார். பெட்டைதான் சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. முதலிலேயே கறையைப் பார்த்து வேண்டாம் என்றேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

மிதுனாவைப் பார்க்கும் நாள். குஞ்சைப் பற்றிக் கேட்டாள். "எல்லாம் நல்லபடியாப் போயிட்டு இருக்குது சாமி" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு சட்டையைத் துவைத்தேன், பிறகு துவைத்த சட்டைகளையும் எடுத்துத் துவைத்தேன்.

டிசம்பர் 12, வியாழன்

பெட்டை மறுபடியும் சணலைத் தூக்குகிறது. இன்னொரு ஈடு முட்டை வைக்குமாம். தேதிகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மிதுனா கிளம்பும் சமயத்தில்தான் பொரியும். அதுவாவது கிடைக்கட்டும்.

இந்தத் தடவை கிட்டே போகாமல் பார்க்க வழி கண்டுபிடித்துவிட்டேன். பரணில் பழைய கண்காணிப்பு கேமரா கிடந்தது, முன்பு ஹாலில் மாட்டியிருந்தது. மேனகா பொள்ளாச்சி போன வாரம் கழற்றி வைத்தேன். தூசி துடைத்து, பறவை அறைச் சுவரில் கூண்டைப் பார்த்தமாதிரி மாட்டினேன். கம்பெனியில் இருந்துகொண்டே போனில் பார்க்கலாம், பெட்டைக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அருமையான சாமான். வீட்டுப் பாதுகாப்புக்கென்றுதான் அன்றைக்கு வாங்கினேன், யாரும் அதை நல்லவிதமாக எடுத்துக்கொள்ளவில்லை.

டிசம்பர் 18, புதன்

இரண்டாம் ஈட்டில் முதல் முட்டை. இந்தத் தடவை வெர்னியரை எடுக்கவில்லை. எடுத்தேன், அளக்கவில்லை.

டிசம்பர் 21, சனி

நான்கு முட்டைகளும் உள்ளே. பெட்டை படுத்திருக்கிறது. அறைக்குள் அதிகம் போவதில்லை. பம்பு டெஸ்ட் ஓடும்போதெல்லாம் போனை நிமிர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சூப்பர்வைசர், "என்ன சார், மேட்ச்சா?" என்று எட்டிப் பார்த்தார். ஒரு பறவை உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

டிசம்பர் 24, செவ்வாய்

மிதுனா வந்துவிட்டாள். மேனகா கேட் வரைக்கும்தான் வந்தாள். "ராத்திரி லைட் போட்டுத்தான் தூங்குவா. சாப்பாட்டுக்குக் கட்டாயப்படுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு அதே ஆட்டோவில் திரும்பினாள். நான் எழுதி வைத்துக்கொண்டு கேட்கலாம் என்றிருந்த கேள்விகள் பையிலேயே இருந்தன.

மிதுனா நேரே கூண்டுக்குப் போனாள். "குஞ்சு எங்கப்பா?"

சொல்லித்தானே ஆகவேண்டும். முதல் ஈடு வீணாகிவிட்டது, இது இரண்டாவது, நீ கிளம்பும்போது பொரிந்தாலும் பொரியும் என்றேன். அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. பெட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த முட்டைய எதுக்கு விட்டுட்டுப் போச்சு?"

"சிலது அப்படித்தான் கண்ணு. காரணமே இருக்காது."

அவள் சுவரைப் பார்த்தாள். கேமராவைக் காட்டி, "அது நம்ம ஹால்ல இருந்ததுதான?" என்றாள். நல்ல ஞாபகசக்தி.

டிசம்பர் 26, வியாழன்

லீவு போட்டிருக்கிறேன். மருதமலை போனோம், படி ஏறி. கோழி முட்டையை அவித்து ரஸ்க்கோடு பிசைந்து பறவைத் தீனி செய்யக் கற்றுக்கொடுத்தேன், அழகாகச் செய்கிறாள். எங்கள் சாப்பாட்டில்தான் பாதியை வைத்துவிடுகிறாள். சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தும் பயனில்லை.

பறவை அறையில்தான் பொழுதெல்லாம் இருக்கிறாள். பீரோவுக்குப் பக்கத்து மூலையில் கால்களை மடக்கிக்கொண்டு உட்காருகிறாள். அங்கிருந்து கூண்டு பாதிதான் தெரியும். முன்னால் வந்து உட்காரச் சொன்னால் மறுக்கிறாள். அந்த மூலை அவளுக்குப் பிடித்திருக்கிறது போல. கேமராவில் அவள் பாதம் மட்டும் தெரியும்.

டிசம்பர் 28, சனி

"என்ன வரையறே?" "சும்மா." "காட்டு பாக்கலாம்." "முடிக்கலப்பா." "முடிச்சா?" "ம்." "யாரு சொல்லிக்கொடுத்தா?" "யாருமில்ல." "அம்மாகிட்ட போன்ல என்ன பேசினே?" "சும்மா பேசினேன்."

இன்றைக்கு நாங்கள் பேசியது இவ்வளவுதான். பத்து விரலையும் மடக்கி நீட்டிச் சொடுக்கு எடுத்தாயிற்று, பொழுது போகவில்லை.

டிசம்பர் 30, திங்கள்

எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதுகிறேன்.

வெளிநாட்டு ஆர்டர் ஒன்று இன்று கிளம்ப வேண்டும், என் கையெழுத்து இல்லாமல் லாரி நகராது. ரங்கநாயகி அக்காவிடம் மிதுனாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனேன். "நான் பாத்துக்கறேன், நீங்க நிம்மதியாப் போங் தம்பி" என்றார். போனேன். நிம்மதியாகப் போனேன் என்று சொல்ல முடியாது.

போனைத் திறந்து வைத்திருந்தேன். பெட்டை தெரிந்தது, பாதம் தெரிந்தது. ஒரு பம்பை இறக்கிவிட்டு மறுபடி பார்க்கிறேன், திரை முழுக்க இருட்டு. இணைப்பு போய்விட்டதா என்று பார்த்தால் இணைப்பு இருக்கிறது. எதையோ போட்டு மூடியிருக்கிறார்கள். அக்காவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டேன். எனக்கு என்னென்னவோ தோன்றியது. கேஸ், மாடிக் கைப்பிடி, யாராவது உள்ளே வந்துவிட்டார்களோ. கையெழுத்துப் போடாமலே வண்டியை எடுத்துவிட்டேன். லாலி ரோடு சிக்னலில் நின்ற நேரத்தில் வாய்விட்டே முருகா முருகா என்றேன், பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அக்கா வாசலில் தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்தார். நான் எதுவும் கேட்காமல் மாடிக்கு ஓடி, என் சாவியால் திறந்தேன்.

பறவை அறையில் மிதுனா ஆடிக்கொண்டிருந்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாயாலேயே தாளம் சொல்லிக்கொண்டு, சுற்றிச் சுற்றி. கூண்டில் ஆண் கேனரி அவளுக்குப் போட்டியாகத் தொண்டையை உப்பிக்கொண்டு பாடியது. அப்படி அது பாடி நான் கேட்டதே இல்லை. பெட்டை அசையாமல் முட்டைமேல் படுத்திருந்தது. மிதுனாவின் முகம் முழுக்க வேர்வையும் சிரிப்பும். எத்தனை நாள் ஆயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து.

என்னைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. பறவையும் நிறுத்திவிட்டது.

கேமராமேல் என் குளிக்கும் துண்டு தொங்கியது. "எதுக்கு மூடினே? என்னமோ ஏதோன்னு நான் உசிரக் கையில பிடிச்சுட்டு வர்றேன்" என்று கத்தினேன். ஆமாம், கத்தினேன்.

"ஆடினேம்பா. ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு. அது பாத்துட்டே இருந்துச்சு."

"பாத்தா என்ன? நாந்தான பாக்கறேன்?"

"பாத்தா எனக்கு வராது."

 பதில் தெரியாதபோது எனக்குச் சத்தம்தான் வரும். இன்னும் ஏதோ சொன்னேன், அது நினைவில் இல்லை. அவள் பீரோ மூலைக்குப் போய் உட்கார்ந்தாள்.

"அம்மாவ வரச் சொல்லுங்க" என்றாள். அழாமல் சொன்னாள்.

லாரிக்கு யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று நான் கேட்கவே இல்லை.

டிசம்பர் 31, செவ்வாய்

காலையில் கேமராவைக் கழற்றினேன். போனில் இருந்த செயலியையும் நீக்கினேன். செய்வதை அவள் வாசற்படியில் நின்று பார்த்தாள். நீக்கியாயிற்றா என்று போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு அந்தத் துண்டை எடுத்து வந்து கூண்டில் கூடு இருக்கிற பக்கத்தை மூடி, நான்கு துணிக் கிளிப் போட்டாள். தீனிக் கிண்ணம் வெளிப்பக்கம் இருப்பதால் திறக்காமலே தீனி வைக்கலாம்.

"அதுக்கும் இருக்கட்டும்" என்றாள்.

சரி என்றேன்.

ஜனவரி 1, புதன்

புது வருடம். டைரி பழையதுதான், பின்னால் காலிப் பக்கங்கள் இருக்கின்றன.

மேனகா வந்தாள். இந்தத் தடவை மாடிக்கு வந்தாள். பறவை அறையில் சுவரைப் பார்த்தாள். இரண்டு ஆணித் துளைகள் மட்டும்.

"கழட்டிட்டீங்களா?"

"ம்."

"யாரு சொன்னா?"

"யாருஞ் சொல்லல."

தண்ணீர் வேண்டும் என்றாள். கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். இது அவள் வீடாக இருந்தபோதும் அப்படித்தான் வைப்பாள். மிதுனா பையை மாட்டிக்கொண்டு எனக்கு டாட்டா காட்டினாள். பொரிவதற்குள் போகிறாள்.

ஜனவரி 3, வெள்ளி

சமரச மையம். மிதுனாவை மேடம் தனி அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். வெளியே பெஞ்சில் ஒரு முனையில் நான், மறுமுனையில் மேனகா. கதவுக்குக் கண்ணாடி உண்டு. நான் எழுந்து நின்றால் உள்ளே தெரியும். எழுந்து நிற்கவில்லை. 

மேடம் எங்களை மட்டும் கூப்பிட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தமாதிரி இருந்தது. "ரெண்டாவது சனிக்கிழம வந்து ஒரு நாள் தங்கறாளாம். மாசாமாசமாங்கறத அப்பறம் சொல்வாளாம். ஆனா ஒரு கண்டிஷன். துண்ட எடுத்துக் கூட்டப் பாக்கற மொத ஆள் அவதானாம். அதுவரைக்கும் நீங்க பாக்கக் கூடாதாம். முடியுமா?"

"முடியும்" என்றேன். மேனகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நம்பவில்லை என்று நன்றாகவே தெரிந்தது.

ஜனவரி 4, சனி

பொரிந்துவிட்டது! துண்டுக்குப் பின்னால் ஊசியால் கீறுவதுபோல மெல்லிய சத்தம். ஒன்றா, நாலா, தெரியவில்லை. முட்டைத் தீனி வைத்துவிட்டு வந்தேன். கிளிப்புகளைத் தொடவில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

வீட்டிலேயே இருந்தால் ஆபத்து என்று காந்திபுரம் போய் மூன்று பஸ் ஏறி இறங்கிவிட்டு வந்தேன்.

ஜனவரி 7, செவ்வாய்

இம்தியாஸ் குண்டு போட்டார். "பாய், பொரிஞ்ச பின்னாடி ஒருக்கா பாக்கோணும். செத்த குஞ்சு உள்ள கெடந்தா மத்ததுக்கும் நோவு வரும். சின்னது பட்டினி கெடக்குதான்னும் தெரியும். ஒரு நிமிஷம் பாத்தாத் தப்பில்ல."

"படுத்தா பாக்கக் கூடாது, பொரிஞ்சாப் பாக்கோணுமா?"

"ஆமா பாய். ரெண்டும் வேற வேற."

இதையெல்லாம் முதலிலேயே யாரும் சொல்வதில்லை.

ஜனவரி 8, புதன்

துண்டு முன்னால் நின்றேன். ஒரு கிளிப்பை எடுத்துவிட்டேன். சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, அதில் ஒரு குரல் சின்னதாக இருந்தமாதிரி எனக்குப் பட்டது. மூலையை லேசாகத் தூக்கினால் போதும், யாருக்குத் தெரியப்போகிறது.

மிதுனாவுக்கே போன் போட்டு, இப்படி இப்படி, பார்க்கட்டுமா என்று கேட்கலாம் என்று போனை எடுத்தேன். கேட்டால் சரி என்றுதான் சொல்வாள். நான் கேட்டால் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிப் பழக்கம் அவளுக்கு. அதனால் கேட்கவில்லை.

கிளிப்பைத் திரும்பப் போட்டுவிட்டுக் கீழே போய் ரங்கநாயகி அக்காவின் மோட்டாரைப் பிரித்து மாட்டினேன். மோட்டார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. 

ஜனவரி 10, வெள்ளி

பார்க்கவில்லை. இதை யாரிடமும் நிரூபிக்க முடியாது.

ஜனவரி 11, சனி

மதியம் மேனகா வந்து விட்டுவிட்டுப் போனாள். மிதுனா செருப்பைக் கழற்றிவிட்டு, "பாத்தீங்களா?" என்றாள்.

"இல்ல."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். டேபிளுக்கு வந்த பம்பை நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படிப் பார்த்தாள். பிறகு பறவை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சமையலறை வாசலில் நின்றேன். கிளிப் ஒவ்வொன்றாக எடுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.  போய்க் கதவைத் தட்டலாமா என்று இருந்தது. அடுப்பு மேடையைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன்.

"அப்பா."

"என்ன சாமி?"

"நீங்க வாங்க."

போனேன். கூட்டில் மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன, தலையில் பஞ்சு முடி, தோளில் இறகுக் குருத்து. அவற்றுக்கு அடியில் நான்காவது. தட்டையாக, காய்ந்துபோய்க் கிடந்தது. செத்து இரண்டு மூன்று நாளாவது ஆகியிருக்கும்.

மிதுனா அழுதுகொண்டிருந்தாள். சத்தமே வராமல் அழக் கற்றுவைத்திருக்கிறாள். ஒன்பது வயதுப் பிள்ளை அதை எங்கே கற்றது?

"நாந்தான பாக்க வேண்டாம்னு சொன்னேன்? நீங்க பாத்திருந்தா இது சாவாதில்லப்பா?"

புதன்கிழமை கேட்ட அந்தச் சின்னக் குரல் எனக்கு நினைவுக்கு வந்தது. அன்றைக்குத் துண்டைத் தூக்கியிருந்தால் தெரிந்திருக்கும். இம்தியாஸிடம் கேட்டுத் தனியாக ஊட்டியிருக்கலாம், பிழைத்தும் இருக்கலாம். கண்ணை எடுத்தால் பொருள் கெட்டுப்போகும் என்று நம்பித்தான் நான் இத்தனை காலமும் வேலை பார்த்தேன், குடும்பமும் நடத்தினேன்.

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"இல்ல கண்ணு. நான் பாத்திருந்தாலும் இது போயிருக்கும்."

"நெசமா?"

"நெசமா."

அவள் என் சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, என்மேல் சாய்ந்துகொண்டாள். பெட்டை குச்சியிலிருந்து இறங்கி வந்து, நாங்கள் இருவரும் அங்கே இருக்கும்போதே மூன்று வாய்களுக்கும் ஊட்டத் தொடங்கியது. நான் சொன்னது உண்மையா என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் சோதித்துப் பார்க்காமல் நான் சரி என்று சொன்னது இது ஒன்றுதான்.